அருளானந்தம் அண்ணையும் ஆணிக் கொல்லரின் விண்ணப்பமும்

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. செத்தது யார் என்று தெரிவதற்கு முன்பே ஆழ்ந்த இரங்கல்கள் வந்து குவிந்துவிடும். அன்று காலை நான் வேலை செய்யும் மருந்தகத்தில் நின்றபோது என் கைத்தொலைபேசி மேசை லாச்சிக்குள் கிடந்து ஓயாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் மெழுகுதிரிகள், கூப்பிய கைகள், வெள்ளைப் பூக்கள். பெயரை மட்டும் ஒருவரும் போடவில்லை. மேலே தள்ளிக்கொண்டே போனேன். முதலில் போட்டவரும் மெழுகுதிரியைத்தான் போட்டிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. இருமல் மருந்துக்கு வந்த ஜெர்மன் மூதாட்டி ஒருவர் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த நேரத்தில்தான் அருளானந்தம் அண்ணையின் மகள் நிரோ அழைத்தாள்.

"வாசுகி அக்கா, அப்பா போயிட்டார்" என்றாள். "காலமை தேத்தண்ணி போட்டுக் குடிச்சிட்டுக் கதிரையில இருந்தவர். நான் வேலைக்கு வெளிக்கிட்டுக் கொண்டு பாத்தன், அப்பிடியே இருக்கிறார். நித்திரை எண்டுதான் நினைச்சன். அவர்ட கலண்டரை எடுத்துப் பாத்தன் அக்கா. இண்டைக்கு ஒரு டெர்மினும் இல்லை."

வைத்தியரைப் பார்ப்பதற்கும் வரி அலுவலகத்துக்குப் போவதற்கும் ஏன், நண்பரோடு கோப்பி குடிப்பதற்கும்கூட முன்கூட்டியே டெர்மின் என்று நாளும் நேரமும் குறிக்கிற நாட்டில், அருளானந்தம் அண்ணை ஒரு வெறும் செவ்வாய்க்கிழமையில் போய்விட்டார். நான் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். அந்த மூதாட்டி தன் கைப்பையிலிருந்து ஒரு கடதாசிக் கைக்குட்டையை எடுத்துத் தந்துவிட்டு, இருமல் மருந்தைப் பிறகு வாங்குவதாகச் சொல்லிப் போனார்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் அநேகர் அண்ணையை முதன்முதலில் பயந்த முகத்தோடுதான் பார்த்திருப்பீர்கள். அகதி விண்ணப்ப விசாரணைகளில் அவர் மொழிபெயர்ப்பாளர். அதிகாரி ஒரு பக்கம், விண்ணப்பித்தவர் எதிர்ப்பக்கம், நடுவில் அண்ணை. அந்த இடத்தை அவர் 'நடுக்கதிரை' என்பார். முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கதிரையில் இருந்தவர். விசாரணைக்கு வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கமாட்டார், ஊர் எது என்று கேட்கமாட்டார், இடைவேளையில் ஒன்றாகத் தேநீரும் குடிக்கமாட்டார். சரியான சிடுமூஞ்சி. செத்தவரை அப்படிச் சொல்லக் கூடாது என்று சிலர் கோபிக்கக்கூடும். ஆனால் அவர் இருந்திருந்தால், "உள்ளதை மாத்தாமல் எழுதும்" என்றுதான் எனக்குச் சொல்லியிருப்பார்.

மாற்றாமல் சொல்வது என்றால் எப்படி என்பதற்கு யோகம் அக்காவின் கதை ஒன்றே போதும். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் நம் யோகம் அக்காதான். இங்கு வந்த புதிதில் அவருடைய விசாரணைக்கு அண்ணைதான் மொழிபெயர்த்தார். அக்கா தன் கதையைச் சொல்லி முடித்ததும், அதிகாரியின் முகத்தில் ஒரு அசைவும் இல்லாததைக் கண்டு பதறிப்போய், குரலைத் தாழ்த்தி, "அண்ணை, உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும், கொஞ்சம் சேத்துச் சொல்லுங்கோ" என்று கெஞ்சினார். அண்ணை கொஞ்சமும் தயங்காமல் அதிகாரியின் பக்கம் திரும்பி, "கொஞ்சம் சேர்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்கிறார்" என்று அதையும் ஜெர்மனில் சொல்லிவிட்டார். அக்காவின் விண்ணப்பம் அந்த முறை தள்ளுபடியானது. அதற்கு அது காரணமோ இல்லையோ, அக்காவைப் பொறுத்தவரை அதுதான் காரணம். பிறகு மேன்முறையீட்டில் வெற்றி கிடைத்து, பிள்ளைகள் பிறந்து, கடவுச்சீட்டும் வந்த பின்பும், கலியாண வீடுகளில் அண்ணை இருக்கும் வரிசையில் அக்கா இருக்கமாட்டார். "உந்த மனுசனுக்குக் கல்லு நெஞ்சு" என்பார்.

கல் நெஞ்சு இல்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அண்ணையும் எல்லாரையும் போலக் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்தவர்தான். அவருடைய முதல் விசாரணையில் மொழிபெயர்த்தவர் நல்ல மனிதர். இந்த இளைஞனின் கதை போதாது என்று பரிதாபப்பட்டு, இவர் சொல்லாத ஒரு சிறைவாசத்தைச் சேர்த்துச் சொல்லிவிட்டார். அடுத்த விசாரணையில் வேறொருவர் மொழிபெயர்த்தபோது அந்தச் சிறைவாசம் காணாமல் போனது. முன்னுக்குப் பின் முரண் என்று அண்ணையைப் பொய்யர் ஆக்கினார்கள். அதைத் தெளிவாக்கி எடுக்கப் பல வருடங்கள் போயின. ஊரில் தகப்பனார் இறந்தபோது போக முடியாமல் கிடந்ததும் அந்த வருடங்களில்தான்.

"இரக்கத்தில சொன்ன பொய்யைத் திருத்துறதுதான் ஆகக் கஷ்டம், வாசுகி" என்று ஒருமுறை சொன்னார். "சொன்ன ஆளைக் கோவிக்கவும் ஏலாது."

நான் அவரோடு நெருங்கிப் பழகியது அவர் ஓய்வு பெற்ற பிறகுதான். டார்ம்ஸ்டாட்டில் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு அவர் வரத் தொடங்கினார். மனைவி காலமான பின்பு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்று நிரோதான் கூட்டிவந்து விட்டாள். நாங்கள் புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். அண்ணை கையைக் கட்டிக்கொண்டு கேட்டிருப்பார். யாராவது ஒருவர் "இந்த நாவல் மனித வாழ்வின் அவலத்தை..." என்று தொடங்கினால் யன்னலுக்கு வெளியே பார்ப்பார். ஒருநாள் சங்கத் தலைவர் குணம் அண்ணை, "நீங்களும் ஏதாவது சொல்லுங்கோவன்" என்று வற்புறுத்தியபோதுதான் வாயைத் திறந்தார்.

"நான் இவ்வளவு காலமும் மொழிபெயர்த்தது எல்லாம் சனத்தின்ர ஆகக் கெட்ட நாளைத்தான். ஆமி வந்த நாள், வீடு எரிஞ்ச நாள், பிள்ளை காணாமல் போன நாள். சாகிறதுக்கு முதல் ஒரு சும்மா நாளை மொழிபெயர்க்க வேணும் எண்டு எனக்கு ஒரு ஆசை."

அந்தச் சும்மா நாளை அவர் தேடிப் பிடித்த இடம் எங்களை வியக்க வைத்தது. இன்றைய ஜெர்மனி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல சிறு அரசுகளாக இருந்தது. அவற்றில் ஒன்றின் சட்டசபை நடவடிக்கைகள், பழைய கறுத்த எழுத்தில் அச்சிட்ட தடித்த தொகுதிகளாக ஆவணக் காப்பகத்தில் இருந்தன. அண்ணை கிழமைக்கு மூன்று தரம் சாப்பாட்டுப் பெட்டியோடு அங்கே போய்விடுவார். புரட்சி நடந்த வருடங்களைத் தள்ளினார். போர் வந்த வருடங்களைத் தள்ளினார். அமைச்சர்கள் சண்டை பிடித்த நாட்களையும் தள்ளினார். கடைசியில், முக்கியமான எதுவுமே நடக்காத ஒரு நாள் அகப்பட்டது என்று, மீன் பிடித்தவர் போல எங்களுக்குச் சொன்னார்.

"சட்டசபையில ஒண்டும் நடக்காத நாளில என்ன அண்ணை விசேஷம்?" என்று கேட்டேன்.

"எங்கட நாட்டில பாராளுமன்றம் கூடினது எண்டு றேடியோ சொன்னால் எங்கட அம்மா உடன வாசல் கதவைப் பூட்டுவா. இஞ்ச பாரும், சட்டசபை கூடியிருக்கு, அடுப்புப் புகையைப் பற்றிக் கதைச்சிருக்கினம். அதுதான் விசேஷம்."

உண்மைதான். அந்த நாளில் முதலில் வராதவர்களின் கடிதங்கள் வாசிக்கப்பட்டன. ஒருவருக்குப் பல் வலி. இன்னொருவருக்கு மாடு கன்று போடும் நேரம். பிறகு ஒரு உறுப்பினர் எழுந்து அடுப்பு புகைகிறது என்று முறையிட்டார். தலைவர் யன்னலைத் திறக்கச் சொன்னார். சற்று நேரத்தில் இன்னொருவர் குளிர்கிறது என்றார். தலைவர் யன்னலைச் சாத்தச் சொன்னார். இறைச்சிக்கடைக்காரர்களின் நாய்கள் வண்டி இழுக்கலாமா என்று நெடுநேரம் விவாதித்து, முடிவெடுக்காமல் விட்டார்கள். இரண்டு கிராமங்களுக்கு இடையிலான தெருவில் ஒரு குழி. அது எந்தக் கிராமத்தின் குழி என்று கேள்வி. அதற்கும் பிறகு ஒரு ஏழையின் விண்ணப்பம். கடைசியில், வேறு எவருக்கும் ஏதும் சொல்ல உண்டா என்று தலைவர் கேட்டுவிட்டு அமர்வை முடித்தார்.

இதை அண்ணை பத்து மாதமாகத் தமிழாக்கினார். ஒவ்வொரு வாசிப்பு வட்டத்துக்கும் ஒன்றிரண்டு பக்கங்கள் கொண்டு வருவார். எங்களோடு மல்லுக்கட்டுவார். இங்கே ஒரு கார்த் தொழிற்சாலையில் எஞ்சினியராக இருக்கும் மதுரைக்காரத் தம்பி கார்த்திக், "சார், இந்த நாய் டிபேட்டை மட்டும் கொஞ்சம் ஷார்ட் பண்ணிக்கலாமே, ஆடியன்ஸுக்குப் போர் அடிக்கும்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "தம்பி, போரடிக்க வேணும். அதுக்குத்தான் இவ்வளவு கஷ்டப்படுறன்" என்றார் அண்ணை. ஒரு சும்மா நாளை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் எங்கள் சனத்தின் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். அவருடைய வாழ்நாளின் மிச்ச ஆசை இது ஒன்றுதான் என்பது வட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

சங்கம் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்தது. ஆளுக்கு ஒரு உறுப்பினர் வேடம். குரல் வளம் இருந்ததால் கார்த்திக் சபைத் தலைவர். யோகம் அக்காவும் உறுப்பினராக வருவேன் என்று வந்து நின்றார். அண்ணையோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர் ஏன் வந்தார் என்று எங்களுக்கு ஆச்சரியம். நாய் விவாதம் பகிடியாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு, "அந்தக் காலத்துச் சபையில பொம்பிளையள் இருக்கேல்லை" என்றார்.

"அந்தக் காலத்துச் சபையில தமிழரும்தான் இருக்கேல்லை" என்றார் யோகம் அக்கா. அக்கா முன்வரிசையில் இருந்துகொண்டார்.

நாங்கள் ஒரு நிகழ்ச்சி வைத்தால் எப்படி வைப்போம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சும்மா நாள் என்று அண்ணை தொண்டை கிழியக் கத்தியும், குணம் அண்ணை நிகழ்ச்சி நிரலைத் தன் பாட்டுக்குத் தயாரித்துவிட்டார். மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், தமிழ்ப் பள்ளிச் சிறுமிகளின் வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, கொலோனில் இருந்து வந்த பிரதம விருந்தினரின் உரை. பிரதம விருந்தினர் தமிழர் நாகரிகத்தின் தொன்மையிலிருந்து தொடங்கினார். சட்டசபை தொடங்கும்போதே மண்டபத்துக்குத் தந்த நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. போதாக்குறைக்கு, நாய் விவாதம் உச்சத்தில் இருந்தபோது குணம் அண்ணை மேடையேறி, மொழிபெயர்ப்பாளரைக் கௌரவிக்கிறோம் என்று அண்ணைக்குப் பொன்னாடை போர்த்தினார். "இது அண்டைக்கு நடக்கேல்லை! இது அண்டைக்கு நடக்கேல்லை!" என்று அண்ணை பொன்னாடைக்குள்ளிருந்து கத்தியது ஒலிவாங்கியில் தெளிவாகக் கேட்டது. சனம் கைதட்டியது.

சிரிப்பு அதோடு சரி. தெருக்குழிக்குப் பிறகு வந்தது அந்த ஏழையின் விண்ணப்பம். அவர் ஒரு ஆணிக் கொல்லர். வேறு ஊரில் பிறந்தவர். பல வருடங்களாக ஒரு கிராமத்தில் பட்டறை வைத்து, அந்த ஊர்க் குதிரைகளுக்கும் கூரைகளுக்கும் ஆணி அடித்துக் கொடுத்தவர். அந்த ஊர்ப் பெண்ணைக் கலியாணம் செய்ய விரும்பினார். அந்தக் காலத்துச் சட்டப்படி அதற்கு ஊரில் குடியுரிமை வேண்டும். ஊர்ச்சபை தர முடியாது என்றது. அவர் சட்டசபைக்கு விண்ணப்பித்தார். இது ஊர்ச்சபையின் விடயம், விண்ணப்பத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று ஆய்வுக்குழு பரிந்துரைத்தது. அச்சிட்ட நடவடிக்கையில் இதற்கு அரைப்பக்கம்கூட இல்லை.

கார்த்திக் கம்பீரமாகக் கேட்டான்: "குழுவின் பரிந்துரையை ஏற்போர் எழுந்து நிற்கவும்."

ஒருவரும் எழும்பவில்லை. கேட்கவில்லையாக்கும் என்று அவன் திரும்பவும் சொன்னான். கதிரைகள் அசையவில்லை. அண்ணை மேடையின் ஓரத்தில் நின்று கையைக் காட்டினார். "எழும்புங்கோ! எல்லாரும் எழும்பினவை எண்டுதான் ஏட்டில கிடக்கு."

"நான் எழும்பமாட்டன்" என்றார் யோகம் அக்கா. "அத்தினை வருசம் அந்த ஊரில வேலை செய்தவன். அவன்ர அன்ராக்கைத் தள்ள நான் ஆர்?"

அன்ராக் என்றால் ஜெர்மனில் விண்ணப்பம். மண்டபத்தில் இருந்த பாதிப்பேரின் அன்ராக் ஒரு தடவையாவது தள்ளுபடியானதுதான். ஆளாளுக்குக் கதைக்கத் தொடங்கினார்கள். அவனுக்கு வக்கீல் இருந்தாரா, மேன்முறையீடு செய்யலாமா, அந்தப் பெண் என்ன சொன்னாள், அவளை யாராவது விசாரித்தார்களா என்று கேள்விகள் பறந்தன. குணம் அண்ணை எழுந்து, இதை ஆராய ஒரு உபகுழு அமைப்போம் என்று பிரேரித்தார். இரண்டு பேர் வழிமொழிந்தார்கள்.

"அந்த மனுசன் செத்து மண்ணாய்ப் போயிட்டான்!" என்றார் அண்ணை. "இது முடிஞ்ச விசயம். நீங்கள் மாத்தேலாது!"

"உங்களுக்கு எப்பவும் மாத்தேலாதுதான்" என்றார் யோகம் அக்கா. அண்ணையின் பக்கம் நேராகத் திரும்பினார். "எனக்கும் அண்டைக்கு மாத்தேலாமல்தானே விட்டனீங்கள்."

அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மண்டபப் பொறுப்பாளர் கதவுத் திறப்புக் கோர்வையோடு வந்து நின்று, நேரம் முடிந்துவிட்டது என்றார். நாங்கள் கதிரைகளை அடுக்கினோம். வடையும் தேநீரும் கொடுபட்டன. சட்டசபை அமர்வு முடியவே இல்லை.

அன்று மாலை நானும் அண்ணையும் ஒரே ட்ராமில் வந்தோம். பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தார். லூயிசன்பிளாட்ஸ் சதுக்கம் வரும்வரை அதன் கரையை நீவிக்கொண்டே இருந்தார். கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் கண் கலங்கியிருந்தது.

"எங்கட ஆக்கள் அவனைத் தள்ளேல்லை. பாத்தனீரோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

"நல்ல சனம்." பிறகு சொன்னார்: "ஆனால் வாசுகி, அவனுக்கு அண்டைக்குக் கிடைச்ச பதில் இல்லை எண்டதுதான். அந்த இல்லையோடதான் அவன் மிச்சக் காலம் இருந்திருப்பான். இண்டைக்கு நாங்கள் மண்டபத்தில இருந்துகொண்டு ஓம் எண்டு மாத்தினால், அவன் பட்டது ஒண்டும் நடக்காத மாதிரி ஆயிடும். அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை. பட்டதைப் பட்டபடி சொல்ல ஒரு ஆளாவது வேணும்."

நான் கேட்டேன்: "சும்மா நாள் எண்டுதானே அண்ணை தெரிஞ்செடுத்தனீங்கள். அவனுக்கு அது சும்மா நாள் இல்லையே?"

"முப்பது வருசம் நடுக்கதிரையில இருந்தவனுக்கு அது தெரியாதே? மேசைக்கு அங்கால இருக்கிறவருக்கு அது சும்மா நாள். இங்கால இருக்கிறவருக்கு அதுதான் நாள். ரெண்டும் ஒரே நாள்தான். அதை அப்பிடியே வாசிக்க வேணும். கடைசி வரி வரைக்கும் வாசிக்க வேணும்."

இன்னொரு முறை வைப்பதென்று முடிவாயிற்று. இந்த முறை விளக்கும் இல்லை, விருந்தினரும் இல்லை என்று அருளானந்தம் அண்ணை, குணம் அண்ணையிடம் சத்தியம் வாங்கினார். யோகம் அக்காவை அவரே தொலைபேசியில் அழைத்தார். இருவரும் அத்தனை வருடங்களுக்குப் பிறகு பேசிக்கொண்டது அன்றுதான். அன்றைய விசாரணையைப் பற்றியும் பேசினார்களாம். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை. வருகிறேன், ஆனால் எழும்பமாட்டேன் என்று மட்டும் அக்கா சொன்னதாக அண்ணை சொல்லிச் சிரித்தார். இலையுதிர் காலத்தில் மண்டபம் கிடைக்கும் என்றிருந்தது. கோடை முடியுமுன்பே அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

செத்தவீட்டு ஏற்பாடுகளைப் பேச நிரோவின் வீட்டில் கூடினோம். குணம் அண்ணை அஞ்சலியுரை நிகழ்த்துவோரின் பெயர்களை எழுதிக்கொண்டு வந்திருந்தார். தாளின் இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது. நிரோ அதைக் கையில் வாங்கவில்லை.

"மாமா, அப்பாவுக்குப் பேச்சு வேண்டாம். அவர்ட அந்த நாள் இன்னும் முடியேல்லை. அதை முடிச்சு விடுவம்."

"பிள்ளை, செத்தவீட்டில போய் நாய் வண்டியைப் பற்றி வாசிக்கிறதே? சனம் என்ன சொல்லும்?"

"நாய் வண்டி அண்டைக்கே வாசிச்சாச்சு. மிச்சத்தை வாசிப்பம். ஹாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தருவினம்."

குணம் அண்ணை நெடுநேரம் அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையும் ஒலிவாங்கியும் இல்லாமல் வாழ முடியாத மனிதர் அவர். அவருக்கு முன்னாலேயே நான் இதைச் சொல்லியிருக்கிறேன். பேனாவை எடுத்து முதலில் தன் பெயரை வெட்டினார். "மற்றவைக்கு நான் சொல்லுறன்" என்றார்.

மயானத்து மண்டபத்தில் பங்குச் சுவாமியார் செபம் சொல்லி முடித்ததும், கார்த்திக் கறுப்புக் கோட்டோடு முன்னால் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். ஆய்வுக்குழுவின் அறிக்கையை வாசிக்கும் பொறுப்பு என்னுடையது. அண்ணையின் தமிழ் எளிமையானது. அழுகை வந்தாலும் தடக்காமல் வாசிக்கக்கூடியது. ஆணிக் கொல்லரின் பட்டறை, அவர் மணக்க நினைத்த பெண், ஊர்ச்சபையின் மறுப்பு, அப்படியே விட்டுவிடலாம் என்ற பரிந்துரை. வாசித்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

"குழுவின் பரிந்துரையை ஏற்போர் எழுந்து நிற்கவும்" என்றான் கார்த்திக்.

முதலில் நிரோ எழுந்தாள். அவளுக்குப் பின்னால் நான். குணம் அண்ணை. பிறகு வரிசை வரிசையாக மர வாங்குகள் கிரீச்சிட்டன. அன்றைக்கு அந்த மனிதனுக்காக வாதாடிய அத்தனை பேரும், தங்கள் அன்ராக் தள்ளுபடியான கதையை இன்றைக்கும் நடுங்கிக்கொண்டு சொல்கிற அத்தனை பேரும், ஒரு ஏழையின் விண்ணப்பத்தைத் தள்ளுவதற்காக எழுந்து நின்றார்கள். பலர் அழுதார்கள். யோகம் அக்கா மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எல்லாரும் எழும்பினார்கள் என்றுதான் ஏட்டில் இருக்கிறது. கார்த்திக் காத்து நின்றான். அக்கா முன் வாங்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். பெட்டியைப் பார்த்துச் சொன்னார்:

"உங்களுக்காக எழும்புறன், அண்ணை. அவனுக்கு எதிராயில்லை."

"பரிந்துரை ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்று வாசித்தான் கார்த்திக். தாளைத் தாழ்த்திவிட்டு, மண்டபத்தை ஒரு தரம் பார்த்துக் கேட்டான்: "வேறு எவருக்கும் ஏதும் சொல்ல உண்டா?"

எங்கள் சனத்தை உங்களுக்குத் தெரியும். ஒலிவாங்கியைக் கண்டால் விடமாட்டோம். நன்றியுரைக்கு நன்றி சொல்ல ஒருவர் எழும்புகிற கூட்டம் இது. அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் நின்றபடியே நின்றோம். வெளியே மரங்களுக்குக் கீழே யாரோ சருகு கூட்டும் சத்தம் கேட்டது.

"எவருக்கும் ஏதும் இல்லாததால் அமர்வு முடிவடைந்தது" என்று கார்த்திக் கடைசி வரியை வாசித்தான்.

அண்ணையின் மொழிபெயர்ப்பை நூலாக்கும் வேலையைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். அவருடைய அகராதிகளை நிரோ தமிழ்ப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டாள். என்னிடம் அவருடைய பொருள் என்று ஒன்றும் இல்லை. நான் வைத்திருப்பது அவருடைய ஒரு கேள்வி. மருந்தகம் பூட்டும் நேரம் பார்த்து அழைப்பார். "இண்டைக்கு என்ன நடந்தது?" என்று கேட்பார். நான் களைப்பில், "ஒண்டும் இல்லை அண்ணை" என்பேன். "நல்லது" என்பார். "அப்ப ஆறுதலாச் சொல்லும்."

சொல்வேன். மருந்துச் சீட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்து என்னோடு சண்டை பிடித்த கிழவர், தராசில் ஏறி நின்று அழுத குழந்தை, குளிர்பெட்டி போட்ட சத்தம். அண்ணை ஒன்றையும் இடைமறிக்காமல் கேட்பார். எங்கேயாவது நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் மட்டும் கண்டுபிடித்துவிடுவார்.

போன கிழமை ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, என் கணவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். பிறகு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் இருந்து, காலையில் வந்த முதல் ஆளிலிருந்து ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினேன்.